முந்தின நாளே கேட்டுவிடும் கம்பிகள்

ஜெபசிங் சார் தன்னுடைய பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பிகள் வாங்கி மாட்டியதிலிருந்து, அவர் இன்றைக்கு வாசிப்பது நேற்றே கேட்டுவிட்டது, நாளைக்கு வாசிக்கப்போவது இன்றைக்கே கேட்டது, இதை எங்கள் ஆறுதல்புரத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடப் புரிந்துகொண்டு நடந்துகொண்டது, நான் மட்டும்தான் இன்னமும் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். சாருடைய மனைவி எமரால்டும் நானும் கோயில் பாடகர் குழுவில் ஒரே வரிசையில் நின்று பாடுகிறவர்கள். எங்கள் பக்கத்தில் சர்ச் என்பதைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்வோம், வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பமாக இருந்தால் இருக்கட்டும், எங்களுக்கு இருந்த குழப்பத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

சார் நடுநிலைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டுக்குப் பின்னால், தூணை ஒட்டி, அந்தத் தடித்த நாலு கம்பி வாத்தியத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சபையில் பாதிப் பேருக்கு அது என்ன வாத்தியம் என்றே தெரியாது, மீதிப் பேருக்கு அது சத்தம் போடும் என்று தெரியாது. அதில் கம்பி மாற்றியதாகச் சரித்திரமே கிடையாது. சத்தம் மழுங்கிப் போனால் கம்பிகளைக் கழற்றி, ரசப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, துடைத்து மறுபடி மாட்டுவார், அப்படிக் கொதிக்க வைத்தால் இடுக்கில் சேர்ந்த அழுக்கும் வியர்வையும் போய்க் கம்பி கொஞ்ச நாள் புதுசுபோல் பேசும். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கு முன்னாலும் இந்த வைபவம் நடக்கும், ஒவ்வொரு தடவையும் எமரால்டு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "கம்பி வேவிக்க என் ரசச் சட்டிதான் கெடச்சுதா, இனி பொங்கல் வரைக்கும் ரசத்துல துரு வாடதான்" என்று கத்துவாள்.

அதெல்லாம் சாருக்கு நெஞ்சுவலி வருவதற்கு முன்னால். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், ரத்தக்குழாயில் ஒரு சின்னச் சுருளை வைத்து, பத்திரமாக அனுப்பிவிட்டார்கள், சாரும் மறு வாரமே பூகோளம் நடத்தப் போய்விட்டார், ஆனால் எமரால்டு மட்டும் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. தூக்கத்தில் அவர் நெஞ்சின்மேல் கை வைத்துப் பார்ப்பாளாம், மூச்சு கொஞ்சம் மெதுவாக வந்தால் எழுப்பிவிடுவாளாம். அவருக்குத் தூக்கம் போனது, இவளுக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு இவர் இருப்பாரா என்ற ஒரே கேள்வியைத் தவிர அவளுக்கு வேறு கேள்வி கிடையாது, அதைக் கேட்கவும் ஆளில்லை.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் பாடகர் குழுத் தலைவர் பொன்னுத்துரை, "வே ஜெபசிங், உம்ம தடிக் கம்பி சாக்கு மூட்டையக் கம்பால அடிக்க மாதிரி இருக்கு. ஈஸ்டருக்காவது புதுக் கம்பி மாட்டும்வே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. எமரால்டும் நானும் ஈஸ்டருக்குச் சேலை எடுக்கத் தூத்துக்குடிக்குப் புறப்பட்டபோது அவரும் கிட்டாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நாங்கள் ரெண்டு பேரும் கடையையே புரட்டிப்போட்டுச் சேலை எடுத்துவிட்டு வந்து பார்த்தால், மனுஷன் வாத்தியக் கடையில் இன்னும் முதல் கம்பியைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரர் சேவியர் நல்ல பொறுமைசாலி. மேஜையில் வகை வகையாகப் பிரித்துப் போட்டிருந்தார். வரிவரியாகச் சுருள் தெரிகிற கம்பி, அது பளிச்சென்று பேசுமாம், ஆனால் விரலை நகர்த்தினால் கீச்சென்று உரசும். சுருளை அழுத்தித் தட்டையாக்கிய கம்பி, அது விரலுக்கு வழவழவென்று இருக்கும், சத்தம் மெத்தென்று விழும். அதிலும் மெல்லிசு, நடுத்தரம், தடிப்பு. சார் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்துகூடப் பார்த்தார், எமரால்டு என் தோளைக் கிள்ளி, "கருவாடு வாங்க வந்திருக்காவ" என்றாள்.

கடைசியில் ஒரு தட்டைக் கம்பிக் கட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. உறையில் பேரும் இல்லை, ஊரும் இல்லை, எந்தச் சரக்கோடு வந்தது என்று சேவியருக்கும் ஞாபகம் இல்லை. மாட்டிப் பார்த்துவிடலாம் என்று பழைய கம்பிகளைக் கழற்றினார்கள், புதுசை முறுக்காணியில் சுற்றி ஏற்றினார்கள், மிச்ச நுனியைச் சேவியர் கட்டிங் பிளேயரால் நறுக்கினார். சார் தடிக் கம்பியைச் சுண்டினார். கம்பி அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது, மரம் வயிற்றில் அதிர்வதும் தெரிகிறது என்றார், ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியோடு வயரை மாட்டிச் சுண்டினார்கள், அப்போதும் வரவில்லை, வேறு வயர், வேறு பெட்டி, ஒன்றும் இல்லை. சேவியர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணும் வெளங்கல சார். நேத்து இதே நேரம் கடைக்குள்ள டும்மு டும்முன்னு சத்தம். யாருமே வாசிக்கல. பக்கத்து மாவு மில்லுன்னு நெனச்சேன்" என்றார்.

சத்தமே வராத கம்பியை எந்தப் பைத்தியக்காரனாவது வாங்குவானா என்று கேட்பீர்கள். சார் வாங்கினார். புதுக் கம்பி இழுபட்டு அமர ஒரு நாள் ஆகும் என்று சேவியர் சொன்னார், அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. "விரலுக்கு ஒத்து வருது எமரால்டு, என்னமோ எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொன்ன விதத்தில் அவளே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள், நெஞ்சுவலிக்குப் பிறகு அவர் எதையும் அப்படி ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. பழைய கம்பிகளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அதில் மெல்லிசுக் கம்பியை மட்டும் எடுத்துக் கோழிக்கூட்டுக் கதவைக் கட்டினாள்.

விஷயம் வெளியே வந்தது பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்கு. எங்கள் கோயிலில் அன்றைக்கு மணி அடிக்கமாட்டோம், எந்த வாத்தியத்தையும் தொடமாட்டோம், பாட்டெல்லாம் வெறும் தொண்டையில்தான். உச்சி வெயிலில் ஐயர் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தைக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார், மின்விசிறிச் சத்தம்கூட ஜாஸ்தியாகத் தெரிகிற அமைதி, திடீரென்று தூணுக்குப் பக்கத்திலிருந்து டும் டுடும் டும் என்று ஈஸ்டர் பாட்டு கிளம்பியது. பாட்டு இல்லை, பாட்டின் அடித்தளம் மட்டும், அதுவும் என்ன குஷியாக! சபை முழுக்கத் திரும்பி ஜெபசிங் சாரைப் பார்த்தது. அவர் வெள்ளை ஜிப்பாவில் ரெண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருக்கிறார், கிட்டார் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ரெண்டாம் சரணத்தில் சத்தம் ஒரு இடத்தில் தடுக்கியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு அது முடிகிறவரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார், அவரும் வேறு என்னதான் செய்வார்.

மறுநாள் சனிக்கிழமை உச்சியில் எங்களுக்கு ஈஸ்டர் பாட்டுப் பயிற்சி. சத்தம் வராவிட்டாலும் விரலுக்குப் பழகட்டும் என்று சார் கிட்டாரைக் கொண்டுவந்து சும்மா வாசித்தார். ரெண்டாம் சரணத்தில் கை தடுக்கி நிறுத்தினார், முதலிலிருந்து ஆரம்பித்தார். பொன்னுத்துரை கீபோர்டை விட்டு எழுந்துவிட்டார். "வே, நேத்து நாம கேட்டது நீரு இப்ப வாசிக்கதுவே! அதே தப்பு! அதே இடம்!" என்று அலறினார். நாங்கள் எல்லாரும் சாருடைய விரலைப் பார்த்தோம், நேற்றுக் கேட்டதை நினைவில் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றோடொன்று பொருந்திற்று. அதற்குமேல் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் ஆச்சரியத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று முன்னால் நின்றது, நாளைக்கு ஈஸ்டருக்கு அவர் வாசித்தால் அது இன்றைக்கே கேட்டுவிடும், அப்படியானால் நாளைக்குப் பாட்டுக்கு என்ன பண்ணுவது.

ஆனால் ஈஸ்டர் அதிகாலையில், சார் எமரால்டுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, முதல் பாட்டுக்கே பேஸ் கணீரென்று கேட்டது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, திங்கட்கிழமை இதே நேரத்துக்கு அவர் வந்து வாசிக்கப்போகிறார். "நான் எங்க வாறேன்னு சொன்னேன்? நாளைக்கு லீவு, தூங்கணும்னுல்லா இருந்தேன்" என்று சார் முணுமுணுத்தார். கேட்டது கேட்டாயிற்று, வராமல் முடியுமா? திங்கட்கிழமை விடியற்காலம் ஐயர் கொட்டாவி விட்டுக்கொண்டே கோயிலைத் திறந்துவிட, சார் காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தின நாள் தான் கேட்டதை ஞாபகம் வைத்து அப்படியே வாசித்தார். நேற்றுக் கேட்டதைப் பார்த்து இன்றைக்கு வாசிக்கிறார், இன்றைக்கு வாசிப்பதால் நேற்றுக் கேட்டது, அப்படியானால் அந்த வாசிப்பை முதலில் யோசித்தது யார் என்று நான் பொன்னுத்துரையிடம் கேட்டேன். "அத மட்டும் கேக்காத தாயி, எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் அதைத் தன் வழக்கத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கேட்பதும் திங்கட்கிழமை வாசிப்பதும் நடைமுறை ஆயிற்று, திங்கட்கிழமை சத்தமில்லாத வாசிப்பைப் பார்க்கவென்றே சில பேர் வந்து உட்கார்ந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைவிட இது மனசுக்கு அமைதியாக இருக்கிறது என்றார்கள், ஐயருக்கு அது பிடிக்கவில்லை. பெரிய வெள்ளிக்கு மறுநாள் யாரும் பேஸ் கிட்டாரைத் தொடக்கூடாது என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, "சார், கல்யாணத்தன்னைக்குப் பாட்டுக்கு பேஸ் கேக்காட்டாலும் பரவாயில்ல, அன்னைக்கே வாசிச்சிருங்க, முந்தின நாள் எங்க காதுல விழுந்தாப் போதும்" என்றார்கள். முந்தின நாள் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் கூடி நின்று, உள்ளே டும் என்று கேட்டதும்தான் அரிசி களைவார்கள். சங்கீதம் யாருக்கு வேண்டும், நாளைக்குக் காரியம் நடக்கும் என்று தெரிந்தால் போதாதா. இருபது வருஷம் திரும்பிப் பார்க்காத சபை இப்போது அவர் விரல் அசைவதற்குக் காத்துக் கிடந்தது. சார் என்னிடம் ஒரு நாள், "கேக்கத்தான் செய்யுதாவ. பாட்டத்தான் யாரும் கேக்கல" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

எமரால்டுதான் அந்தக் கம்பியின் முழு உபயோகத்தையும் முதலில் கண்டுகொண்டவள். ஊரார் கல்யாணம் நடக்குமா என்று பார்த்தார்கள், அவள் புருஷன் இருப்பாரா என்று பார்த்தாள். தினமும் சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் தடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மணி அடிக்கும், அவர் தட்டுவார், டும் என்று கேட்கும். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் கம்பியைத் தட்டினார், சத்தம் வந்தது, இதில் என்ன இருக்கிறது என்றுதான் போவார்கள். எங்களுக்குத்தான் தெரியும், அவர் தட்டியது நேற்றுக் கேட்டது, இப்போது கேட்பது நாளைக்கு அவர் தட்டப்போவது, அப்படியானால் நாளைக்குச் சாயங்காலம் வரை அவர் இருக்கிறார். கேட்டதும் எமரால்டு நெஞ்சில் கை வைத்து ஒரு மூச்சு விடுவாள், பிறகு விளக்கைப் போட்டுச் சோறு வைப்பாள். ராத்திரி அவரை எழுப்புவது நின்றது. அவளுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது, வேலியருகே நின்று பழையபடி வம்பு பேசினாள், எனக்கு என் சிநேகிதி திரும்பிக் கிடைத்தாள்.

இப்படி மழைக்காலம் வரை போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் மணி அடித்ததும் ஒரு டும் கேட்பதற்குப் பதிலாக ஏழெட்டு டும் கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சம் அவசரமாக. "நாளைக்கு சாருக்கு என்ன இம்புட்டு உற்சாகம்?" என்று நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன், எமரால்டு சிரித்தாள், சாரும் சிரித்தார்.

மறுநாள் மணி அடித்தது. சார் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ தட்டுங்க" என்றாள் எமரால்டு. தட்டினார். "இன்னொரு தடவ." தட்டினார். "தட்டுங்கன்னு சொல்லுதேம்லா!" அவர் தட்டித் தட்டிப் பார்த்தார், கம்பி அதிர்ந்தது, மரம் அதிர்ந்தது, வீடு அமைதியாக இருந்தது. நேற்று நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்ட ஏழெட்டு டும்மும் இதுதான் என்று எனக்கு உறைத்தபோது என் கையிலிருந்த முறம் கீழே விழுந்துவிட்டது.

நாளைக்கு இந்நேரம் அவர் தட்டமாட்டார். தெரு முழுக்க அதைப் புரிந்துகொண்டது.

விடிந்ததும் எமரால்டு அவரை ஊர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். "மிஷினுக்கு இன்னைக்கு உள்ளதுதான் தெரியும், கம்பிக்கு நாளைக்கு உள்ளதும் தெரியும்" என்று சொல்லி அவள் அழுதாள். திரும்பி வந்தால் வாசலில் கூட்டம். ஒருத்தி முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தாள், ஒருத்தி அச்சுமுறுக்கு, கடைசியாக ஒரு வாய் என் கையால் என்கிற மாதிரி எல்லாரும் ஊட்டாத குறை. திடமாக உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். "நெஞ்சு வலிக்குதோ இல்லியோ, வயிறு வலிக்கப் போவுது" என்றார் சார். அவரிடம் படித்த பையன் ஒருத்தன் இப்போது போலீஸ்காரன், அவன் வந்து காலில் விழுந்தான், அவனை எழுப்பி உட்காரவைத்து இவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

பொன்னுத்துரை வந்து வாசல் தூணைப் பார்த்துக்கொண்டே, "சாக்கு மூட்டைன்னு சொன்னது சும்மா கேலிக்குவே. மனசுல வச்சுக்கிடாதீரும்" என்றார். "இப்ப எதுக்குவே அதச் சொல்லுதீரு?" என்று சார் கேட்டார், அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஐயர் மட்டும் நிதானமாக யோசித்தார். கேட்கவில்லை என்றால் வாசிக்கவில்லை என்றுதான் அர்த்தம், வாசிக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், சார் வெளியூர் போயிருக்கலாம், கிட்டார் களவு போயிருக்கலாம் என்றார். உடனே போலீஸ்காரப் பையன், "சார், நான் வேணா களவாண்டுட்டுப் போயிருதேன்" என்று எழுந்துவிட்டான்.

சாருக்குக் கோபம் வந்தது. அவரை அப்படிக் கோபமாக நான் பார்த்ததில்லை. "யாரும் தொடக்கூடாது! நான் எங்கயும் போகமாட்டேன். மணி அடிச்சதும் தட்டத்தான் போறேன். தட்டிக் காட்டுதேன், அப்புறம் பாருங்க, நேத்துக் கேக்காததுதான் தப்பு, கம்பிதான் பொய் சொல்லுதுன்னு" என்றார். சொல்லிவிட்டு நெஞ்சை ஒரு தடவை தடவிக்கொண்டார். வலிக்கிறதா என்று எமரால்டு பாய்ந்தாள். "தெரியலம்மா. நீங்க எல்லாரும் இப்படிப் பாக்கதுனால வலிக்கா, வலிக்கதுனாலதான் பாக்கீங்களா, எனக்கே ஒண்ணும் வெளங்கல" என்றார்.

வெயில் இறங்கியது. சார் நடுவீட்டில் நாற்காலியைப் போட்டு, கிட்டாரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வலது கை விரலைத் தடிக் கம்பிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மணிக்காகக் காத்திருந்தார். நாங்கள் வாசலையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நின்றோம். அவர் தட்டமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும், தட்டியே தீருவேன் என்று அவர் விரலைத் தூக்கியிருக்கிறார், அப்படியானால் அந்த விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச இடத்தில் ஏதோ நடக்கப்போகிறது. எமரால்டு அவர் விரலைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், ஆணியில் தொங்குகிற பழைய கம்பிகளைத் திரும்பிப் பார்த்தாள். கோயில் வளாகத்தில் மணிக்கயிற்றை அவிழ்க்கிற ஆளைப் பார்த்துவிட்டு யாரோ தெருவிலிருந்து, "அடிக்கப் போறாவ" என்று குரல் கொடுத்தார்கள்.

எமரால்டு மேஜை இழுப்பறையைத் திறந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். "கைய எடுங்க" என்றாள். அவர் எடுப்பதற்குள் தடிக் கம்பியைப் பிடித்து வெட்டிவிட்டாள். அது சாட்டைபோல் எகிறி அவள் மணிக்கட்டைக் கீறியது, அவள் நிறுத்தவில்லை, ரெண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று எல்லாவற்றையும் வெட்டிப்போட்டாள். அத்தனை கம்பியும் அறுந்தபோது ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"என்ன காரியம் பண்ணுன?" என்றார் சார்.

"நேத்து ஏன் கேக்கலன்னா இதனாலதான் கேக்கல. இதான் காரணம். வேற ஒரு காரணமும் வேண்டாம்" என்றாள் எமரால்டு. பிறகு மேலே பார்த்து, எங்களிடம் சொல்கிறாளா ஆண்டவரிடம் சொல்கிறாளா என்று தெரியாமல், "கேட்டுதா? இதான் காரணம்!" என்று கத்தினாள்.

மணி அடித்தது. அடித்து முடிந்தது. சார் அறுந்த கம்பிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மூச்சு விட்டார், மறுபடி மூச்சு விட்டார். நாங்கள் எல்லாரும் அவர் சட்டைப் பித்தான் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒருத்தி, "இன்னும் எது வரைக்கும் பாக்கணும்?" என்று கேட்டாள். ஐயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தார், ஸ்தோத்திரமா விண்ணப்பமா என்று அவருக்கே நிச்சயமில்லாமல் ரெண்டையும் கலந்து சொல்லி ஆமென் போட்டார்.

அவள் வெட்டியதால்தான் முந்தின நாள் கேட்காமல் போனதா, கேட்காமல் போனதால்தான் அவள் வெட்டினாளா, வெட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொன்னுத்துரை இன்றைக்கும் ஆள் கிடைத்தால் தர்க்கம் பண்ணுகிறார். எமரால்டு அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கவில்லை. மணிக்கட்டில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், ஆணியிலிருந்து பழைய கம்பிகளை எடுத்தாள், என்னைப் பார்த்து, "கோழிக்கூட்டுல ஒண்ணு கெடக்கு, அவுத்துட்டு வா" என்றாள். நான் கூட்டுக் கதவைச் சேலைக் கிழிசலால் கட்டிவிட்டுக் கம்பியோடு வந்தபோது, ரசப் பாத்திரத்தில் அவளே தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்திருந்தாள். இத்தனை வருஷம் எதற்காகத் தெருக் கேட்கக் கத்தினாளோ அதை அவள் கையாலேயே செய்தாள். கம்பிகள் கொதித்தன, தண்ணீர் பழுப்பாயிற்று, அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டினாள், அவர் மாட்டினார்.

சார் தட்டினார். டும் என்று அப்போதே கேட்டது.

பழகிப்போன நாங்கள் அத்தனை பேரும் துள்ளி விழுந்தோம். சத்தம் மழுங்கிப்போய், சாக்கு மூட்டையைக் கம்பால் அடித்த மாதிரி இருந்தது. "சுதி எறங்கிக் கெடக்குவே" என்று சொல்லிக்கொண்டே பொன்னுத்துரை அழுதார். சார் முறுக்காணியைத் திருகினார், மறுபடி தட்டினார், அப்படியே கை போன போக்கில் ஈஸ்டர் பாட்டை எடுத்தார், ரெண்டாம் சரணத்தில் அதே இடத்தில் தடுக்கியது, நிறுத்தவில்லை, மேலே போனார். நாங்கள் அன்றைக்குத்தான் அவர் வாசிப்பதைக் கேட்டோம் என்று நினைக்கிறேன். முடிந்ததும், நாளைக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாமல், அவரவர் வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள்.

எமரால்டு என்னைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தாள். அந்தப் பாத்திரத்தையே கழுவி அதிலேயே ரசம் வைத்திருந்தாள். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் பழையபடி மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டாள், எடுக்கவே இல்லை. ரசத்தில் துரு வாடை குப்பென்று அடித்தது. சார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தார்.